282-இலிருந்து 166

ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரைவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று நின்று நின்று போகும் வண்டி. ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம். கூட்ட நேரத்தில் கதவருகே நிற்பவரால்கூட நினைத்த நிலையத்தில் இறங்க முடியாது. கழிவறை இல்லாததைப் பெரும்பாலானவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை, ரத்தமும் சளியுமாக, சொல்லாமல் கொள்ளாமல் மலம் போகிறவர் முதல் வாரத்திலேயே கவனித்துவிடுவார். அவர் காலையில் சாப்பிடுவதை நிறுத்துவார். பிறகு இரவிலும் குறைப்பார்.

அவருக்கு இருக்கும் நோயை மருத்துவர்கள் ஐ.பி.டி. என்கிறார்கள். தமிழில் குடல் அழற்சி நோய். அதில் இரண்டு வகை முக்கியம். பெருங்குடலின் உள்தோலில் மட்டும் புண் பரவினால் அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வந்து, குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கக்கூடியது குரோன்ஸ் நோய். இரண்டிலும் உடலின் எதிர்ப்பு ஆற்றலே குடலைத் தாக்குகிறது. இரண்டையும் மருந்தால் அடக்கி வைக்க முடியும். மருந்தால் வேரோடு நீக்க இன்னும் முடியவில்லை. பெயர் ஒத்திருப்பதால் ஐ.பி.எஸ். என்ற இன்னொரு தொல்லையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐ.பி.எஸ்.ஸில் குடலில் புண் இருக்காது. இதில் இருக்கும்.

மேலை நாட்டு நோய் என்று நீண்ட காலம் இது கருதப்பட்டது. பஞ்சாபில் வீடு வீடாகப் போய் 51,910 பேரைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. லட்சத்துக்கு 44.3 பேர்.

சிகிச்சை படிப்படியாக ஏறும். மெசலமின் மாத்திரை, அது போதாவிட்டால் ஸ்டீராய்டு, பிறகு எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் அசதயோபிரின், அதற்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற ஊசிகள். ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைக்கும், எலும்பை அரிக்கும். அசதயோபிரினுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். ஊசிகளின் விலை, உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தபின் குறைந்திருக்கிறது. ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட் என்னும் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது வேறு உலகத்து விலை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தின் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதைத் தாண்டிய மாதத்தில் ஒருவர் பணக்காரர் ஆகிவிடுவதில்லை.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் கஞ்சா என்கிறார். பக்கத்து மெஷினில் நிற்பவராக இருக்கலாம். கைபேசியில் வந்த காணொளியாக இருக்கலாம். கனடாவில் இருக்கும் மைத்துனராகவும் இருக்கலாம். அங்கே அது மருந்து என்று அவர் சொல்வார்.

அவர் சொல்வது பொய் அல்ல. கஞ்சாவின் போதைக் கூறான டி.எச்.சி.யை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் தனியாகப் பிரித்து, அதன் வேதிக் கட்டமைப்பை வெளியிட்டார்கள். 1992-இல் மெக்கூலமின் குழு, மனித உடலே சுரக்கும் கஞ்சா போன்ற ஒரு பொருளைக் கண்டது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஆனந்தம் என்ற நம் சொல்லேதான். இந்தப் பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகளில் ஒரு வகை குடலின் நரம்புகளில் நிறைய இருக்கிறது. ஏற்பி என்பது செல்லின் மேலுள்ள பூட்டு. சரியான சாவி வந்தால் திறக்கும். குடல் நரம்பின் பூட்டு திறந்தால் மூன்று விஷயங்கள் நடக்கும். குடல் மெதுவாக நகரும். உள்ளே நீர் சுரப்பது குறையும். வலி மூளைக்குப் போவது மங்கும். கஞ்சா வெளியிலிருந்து வந்த சாவி. அது குமட்டலையும் குறைக்கிறது, பசியைத் தூண்டுகிறது, தூக்கம் தருகிறது. மேலே சொன்ன ரயில் பயணிக்கு இவை அத்தனையும் தேவை.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. கிரகணி என்று ஆயுர்வேதம் சொல்லும் நாட்பட்ட வயிற்றுப்போக்குக்கான ஜாதிபலாதி சூரணத்தில் கஞ்சா இலை ஒரு சரக்கு. 1839-இல் கல்கத்தாவில் வில்லியம் புரூக் ஓஷானெஸி என்ற அயர்லாந்து மருத்துவர் இந்தியக் கஞ்சாவை விலங்குகளுக்கும் பின்பு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார். வாதம், இசிவு நோய், குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றோடு காலராவும் அவர் பட்டியலில் இருந்தது. மேலை மருத்துவத்துக்குள் கஞ்சா நுழைந்தது பெரும்பாலும் இவர் வழியாகத்தான்.

ஆனால் இதே ஓஷானெஸி அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பு, இந்தியாவுக்கு வருவதற்கு முன், இங்கிலாந்தில் காலரா நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தவர். நீரும் உப்பும் ரத்தத்திலிருந்து வெளியேறிவிட்டதைக் கண்டார். அதைப் படித்த தாமஸ் லாட்டா 1832-இல் நோயாளியின் ரத்தக் குழாயில் உப்பு நீரை ஏற்றினார். இன்று மருத்துவமனைக் கம்பியில் தொங்கும் சலைன் பாட்டிலின் தொடக்கம் அது. காலராவில் பிற்காலத்தில் கணக்கற்ற உயிர்களைக் காத்தது அந்த உப்பு நீர். கஞ்சா நோயாளியைச் சற்று அமைதிப்படுத்தியது. ஒரே மனிதர், ஒரே நோய், இரண்டு மருந்துகள். ஒன்று இழப்பை ஈடுசெய்தது, மற்றொன்று இழப்பின் உணர்வைக் குறைத்தது.

குடல் அழற்சிக்குக் கஞ்சாவை முறையாகச் சோதித்தவர்களில் முதன்மையானவர் இஸ்ரேலின் கிஃபார் சபா நகரத்தில் மெயிர் மருத்துவமனையைச் சேர்ந்த டிம்னா நஃப்தாலி. அவர் குழுவின் முதல் ஆய்வு 2013-இல் வந்தது. குரோன்ஸ் நோயாளிகள் 21 பேர். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதவர்கள். 11 பேருக்கு 115 மில்லிகிராம் டி.எச்.சி. கொண்ட சிகரெட், நாளைக்கு இருமுறை, எட்டு வாரம். 10 பேருக்கு டி.எச்.சி. நீக்கிய பூவில் செய்த போலி சிகரெட். 11 பேரில் 10 பேருக்கு நோய் மதிப்பெண் நன்றாகக் குறைந்தது. போலி சிகரெட் குழுவில் 4 பேருக்கு. உலகம் முழுவதும் செய்தியானது இந்த எண்தான்.

அதே ஆய்வில் வேறு எண்களும் இருந்தன. நோய் முழுவதும் அடங்குவதே முதல் இலக்கு. அது 5 பேருக்கு நடந்தது, மறுபக்கம் ஒருவருக்கு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது புள்ளியியல் கணக்கு. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் இரு குழுக்களிலும் குறிப்பிடும்படி வேறுபடவில்லை. கஞ்சாவை நிறுத்திய இரண்டு வாரத்தில் மதிப்பெண் திரும்ப ஏறியது.

2017-இல் போதை தராத கூறான சி.பி.டி.யை மட்டும், 10 மில்லிகிராம் அளவில் தினம் இருமுறை, 20 குரோன்ஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். தீங்கு இல்லை, பயனும் இல்லை. 2018-இல் பிரிட்டனில் 60 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் சி.பி.டி. மிகுந்த சாறு, பத்து வாரம். நோய் அடங்கியவர்கள் மருந்துக் குழுவில் 28 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 26 சதவீதம்.

2021-இல் நஃப்தாலி குழுவின் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 56 குரோன்ஸ் நோயாளிகள். இம்முறை புகை இல்லை, எண்ணெய்; சி.பி.டி. நான்கு பங்கு, டி.எச்.சி. ஒரு பங்கு. எட்டு வாரத்தில் நோய் மதிப்பெண் 282-இலிருந்து 166-க்கு இறங்கியது. போலி எண்ணெய்க் குழுவில் 264-இலிருந்து 237. இது தற்செயல் அல்ல. பிறகு குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண்ணின் அளவுக்குத் தனி மதிப்பெண் உண்டு. கஞ்சாக் குழுவில் அது 10-இலிருந்து 7 ஆகியிருந்தது. போலிக் குழுவில் 11-இலிருந்து 8. இரண்டிலும் அதே மூன்று.

மற்றொன்றில் 32 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகள், கஞ்சா சிகரெட். அறிகுறி மதிப்பெண் 10.9-இலிருந்து 5 ஆனது. போலிக் குழுவில் 11-இலிருந்து 8. உள்ளே பார்த்த மதிப்பெண்ணில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலின் எல்லையைத் தாண்டவில்லை. அழற்சியின் ரத்த, மலக் குறியீடுகளிலும் தெளிவான முன்னேற்றம் இல்லை.

எண்கள் ஏன் இப்படிப் பிரிகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, குரோன்ஸ் ஆய்வுகளின் நோய் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அது 1976-இல் வகுத்த அட்டவணை. எட்டுக் கேள்விகள். ஏழு நாளில் எத்தனை முறை நீர்மலம் போனது, வயிற்று வலி எவ்வளவு, பொதுவாக உடம்பு எப்படி இருக்கிறது என்ற மூன்றும் நோயாளி தன் கைப்பட ஒரு வாரம் குறித்து வைப்பவை. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை எடுத்தாரா, எடை எவ்வளவு என்பவை வேறு இரண்டு. மீதி மூன்றுதான் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும் ரத்தத்தில் பார்ப்பதும். குடல் நகர்வைக் குறைத்து, வலியை மங்கச் செய்து, மனத்தை லேசாக்கி, பசியைத் தூண்டும் ஒரு பொருள் இந்த அட்டவணையில் நன்றாகத் தேர்ச்சி பெறும். புண் ஒரு மில்லிமீட்டர்கூட ஆறாமலே பெறும். தவிர, போதை தரும் மருந்தில் தனக்குக் கிடைத்தது அசலா போலியா என்று நோயாளி கண்டுபிடித்துவிடுவது எளிது.

2015-இல் உலக அளவில் குடல் நோய் நிபுணர்கள் கூடி சிகிச்சையின் இலக்கை மாற்றி எழுதினார்கள். வலி நிற்பது மட்டும் இனி இலக்கு அல்ல, குடலின் உள்தோல் ஆற வேண்டும் என்றார்கள். காரணம், வலி நின்ற பலருக்கு உள்ளே புண் தொடர்வது தெரிந்துவிட்டது.

தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் கணக்கு ஒன்று இருக்கிறது. 2002-இல் வெளியானது. 2,002 குரோன்ஸ் நோயாளிகள். இருபது ஆண்டு முடிவில் வெறும் அழற்சியாகவே நோய் நின்றது 12 சதவீதத்தினருக்குத்தான். 18 சதவீதத்தினருக்குக் குடல் குறுகியது. 70 சதவீதத்தினருக்குக் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. சீழ்க்கட்டி, பக்கத்து உறுப்போடு பாதை, மலவாயைச் சுற்றிப் பௌத்திரம். அது இன்றைய ஊசிகள் பரவலாவதற்கு முந்திய காலக் கணக்கு. ஊசிகள் வந்தது இந்த எண்களை மாற்றத்தான். குறுகிய குடல் தழும்பாகிவிட்டால் மருந்துக்கு விரியாது. வெட்டத்தான் வேண்டும்.

கனடாவின் கல்கரியில் 300 நோயாளிகளுக்கு மேல் கேட்டறிந்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. குடல் தொல்லைக்காகக் கஞ்சா எடுத்தவர்கள் 17.6 சதவீதம். வலி குறைந்தது என்றே பெரும்பாலும் சொன்னார்கள். குரோன்ஸ் நோயாளிகளில் ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தவர்களிடம் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு ஐந்து மடங்காகத் தெரிந்தது. ஆய்வு சிறியது, அந்த ஐந்து, உண்மையில் 1.45 ஆகவும் இருக்கலாம், 17.46 ஆகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். நோய் முற்றியவர்களே கஞ்சாவைத் தேடிப் போயிருக்கலாம். அல்லது வலி தெரியாததால் தாமதமாக வந்திருக்கலாம். எது காரணம் என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளியாலும் முடியாது.

கனடாவுக்கு இல்லாத ஒரு சிக்கல் ஆவடிக்கு உண்டு. உலகக் காசநோயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கிறது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. குடலுக்கு வரும்போது அது பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில் உட்காரும். குரோன்ஸ் நோய் விரும்பி உட்காரும் இடமும் அதுவே. வலி, எடைக் குறைவு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குடல் குறுகல் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து ஆய்ந்த பிறகும் அனுபவமுள்ள மருத்துவர்கள் தடுமாறும் இடம் இது. காசநோய்க்கு ஆறு மாத மருந்து, அரசு இலவசமாகத் தருகிறது, குணமாகும். குரோன்ஸுக்குத் தரும் ஸ்டீராய்டையும் எதிர்ப்பைக் குறைக்கும் ஊசியையும் காசநோய் உள்ளவருக்குத் தந்தால் கிருமி பரவும். எது என்று தீர்மானிக்க மருத்துவர் பார்ப்பது, மருந்து கொடுத்த பின் எடை ஏறுகிறதா, காய்ச்சல் விட்டதா, வலி குறைந்ததா என்பதை. கஞ்சா எடுப்பவருக்குப் பசி வரும், எடை ஏறும், வலி குறையும். காசநோய் மருந்து வேலை செய்வதுபோலத் தோன்றும். செய்யாமலும் இருக்கலாம். மருத்துவரிடம் கஞ்சாவைப் பற்றிப் பலரும் வாய் திறப்பதில்லை.

இனி, பொருள். ஆய்வுகளில் தந்த சிகரெட்டிலும் எண்ணெயிலும் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. மேற்குப் புறநகரில் கிடைப்பது மூன்று வகை.

முதலாவது பொட்டலம். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் சாலையிலும் வருவது. அதில் டி.எச்.சி. எவ்வளவு என்று விற்பவருக்கும் தெரியாது. பெரும்பாலும் பீடி, சிகரெட் புகையிலையோடு கலந்துதான் புகைக்கிறார்கள். குரோன்ஸ் நோயை மோசமாக்குவதாக ஐயமின்றி நிறுவப்பட்ட பழக்கம் ஒன்று உண்டென்றால் அது புகையிலை. ஈரத்தில் கட்டி வைத்த பூவில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். ஆரோக்கியமான நுரையீரல் அதைச் சமாளிக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட ஒரு நோயாளி பூஞ்சை பிடித்த கஞ்சாவைப் புகைத்து இறந்ததை 1988-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. 2016-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த கணக்கில், கஞ்சா பயன்படுத்துவோராகப் பதிவானவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று 3.5 மடங்கு அதிகம். அசதயோபிரின், ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் ஆகிய மூன்றும் எதிர்ப்பு ஆற்றலைக் குறைப்பவை.

இரண்டாவது, ஆயுஷ் உரிமத்தோடு விஜயா என்ற பெயரில் வரும் இலைச் சாறும் எண்ணெயும். வீட்டுக்கே கூரியரில் வரும். ஆயுர்வேத மருத்துவர் கைபேசியில் பேசிச் சீட்டு எழுதுவார். மருந்து மற்றும் அழகுப் பொருள் விதிகளின் இ(1) அட்டவணை, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய நச்சுச் சரக்குகளின் பட்டியல். விதை நீங்கலாகக் கஞ்சாச் செடி அதில் இருக்கிறது. ஆனால் அலோபதியின் புது மருந்துக்குக் கேட்கும் மூன்று கட்ட மனிதச் சோதனை இந்த உரிமத்துக்குக் கேட்கப்படுவதில்லை. புட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பது தனிக் கேள்வி. 2017-இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். 26-இல் மட்டுமே அளவு சரியாக இருந்தது. 18-இல் டி.எச்.சி. இருந்தது.

மூன்றாவது கஞ்சா விதை எண்ணெய். ஹெம்ப் சீட் ஆயில் என்று எழுதியிருக்கும். 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவாக அனுமதித்தது. சமையலுக்கு நல்லது. விதையில் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் பெயருக்குத்தான். குடல் புண்ணுக்கு என்று இதை வாங்குகிறவர் விலை உயர்ந்த எண்ணெயைக் குடிக்கிறார். அவருக்கு இழப்பு பணமும் நாட்களும்.

சி.பி.டி.யை அமெரிக்க மருந்துத் துறை 2018 ஜூனில் அங்கீகரித்தது. இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு. அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை. 50 கிலோ உள்ளவருக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம். இந்த அளவில் கல்லீரல் நொதிகள் ஏறும் என்று மருந்தின் உறையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அசதயோபிரினும் கல்லீரலைத் தொடும். இரண்டும் சேர்ந்து நொதி ஏறினால், கஞ்சா எண்ணெய் பற்றித் தெரியாத மருத்துவர் நிறுத்தச் சொல்வது அசதயோபிரினை. குடலைக் காத்துக்கொண்டிருந்தது அதுதான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், சில ஸ்டீராய்டுகள் ஆகியவற்றைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையும் சி.பி.டி. குறைக்கிறது, அதே மாத்திரை, அதே வேளை, ரத்தத்தில் மட்டும் கூடுதல் அளவு.

நள்ளிரவு அவசரப் பிரிவில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். நெடுநாள் கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு வயிற்று வலியோடு நிற்காத வாந்தி வரும். 2004-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதி மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். வெந்நீரில் குளித்துக்கொண்டே இருந்தால் மட்டும் அடங்குகிறது என்பது அதன் விநோத அடையாளம். குரோன்ஸ் நோயாளிக்கு அதே வலியும் வாந்தியும் வந்தால் குடல் அடைப்பு என்றே தோன்றும். மாறாகக் கஞ்சாவைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், பசி போகும், வயிறு வலிக்கும். நோய் திரும்பிவிட்டது என்று அவரே நினைப்பார். மீண்டும் பொட்டலத்துக்குப் போவார். கடுமையான கொலைட்டிஸில் குடல் நகர்வைக் குறைக்கும் மருந்துகளை மருத்துவர்கள் தவிர்ப்பதற்கு வேறு ஒரு காரணம் உண்டு: அழற்சி கொண்ட பெருங்குடல் அசைவற்று ஊதி, வெடிக்கும் நிலைக்குப் போகக்கூடும். அப்போது கணக்கு மணி நேரத்தில்.

டி.எச்.சி. எதிர்வினை நேரத்தை நீட்டிக்கிறது. எண்ணெயாகவோ லேகியமாகவோ விழுங்கினால் விளைவு தெரிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். காலையில் ஆவடியில் விழுங்கியது, எஸ்டேட்டில் பவர் பிரஸ் முன்னால் நிற்கும்போது ஏறும்.

மனநிலையும் உண்டு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பல ஊர்களைச் சேர்த்துச் செய்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், தினமும் கஞ்சா எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு 3.2 மடங்கு. டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேல் உள்ள கஞ்சாவைத் தினமும் எடுத்தவர்களுக்கு 4.8 மடங்கு. குடல் அழற்சி பெரும்பாலும் தொடங்கும் வயது பதின்மத்தின் இறுதியிலிருந்து முப்பதுகள் வரை. மனச்சிதைவு தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதே.

சட்டம், நோயைக் கேட்பதில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் கொண்ட நுனி. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. விஜயா வியாபாரம் முழுவதும் இந்த ஒரு வரியில் நிற்கிறது. பூ என்றால் 1 கிலோ வரை சிறிய அளவு. ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோவுக்குள் பத்தாண்டு வரை. பூவிலிருந்து இறக்கிய எண்ணெயைச் சட்டம் கஞ்சா என்று பார்க்காமல் சரஸ் என்று பார்க்கிறது. அதற்குச் சிறிய அளவின் எல்லை 100 கிராம். போதைப்பொருளோடு வேறு பொருள் கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. தேங்காயெண்ணெயில் கலந்தால் தேங்காயெண்ணெயும் எடையில் சேரும். மருத்துவப் பயன்பாட்டுக்கு 8-ஆம் பிரிவு வழி விடுகிறது. அந்த வழி உரிமமும் அனுமதிச் சீட்டும் உள்ளவருக்கு. 20-ஆம் பிரிவில் தண்டனை அளவைப் பொறுத்தது, எதற்காக வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது அல்ல. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27-க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஓராண்டு கழித்து, 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ தொடங்கியது. அடுத்த மாதம் ஆவடிக்குத் தனி மாநகரக் காவல் ஆணையரகம் வந்தது. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதன் எல்லைக்குள்.

பெருங்குடல் புண்ணுக்கு இன்னொரு கணக்கு உண்டு, அது மெதுவானது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வெளியிட்டார்கள். பத்தாண்டில் 2 சதவீதம். இருபதாண்டில் 8. முப்பதாண்டில் 18. பின்னால் வந்த கணக்குகள் இதைவிடக் குறைவு. மருந்து மேம்பட்டதும் இடைவிடாத கண்காணிப்பும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆபத்தைக் கூட்டுபவற்றில் முக்கியமானவை இரண்டு: குடலில் எவ்வளவு தூரம் புண் பரவியிருக்கிறது, எத்தனை ஆண்டு அழற்சி அணையாமல் இருந்தது. ஆகவே நோய் தொடங்கி எட்டாம் ஆண்டிலிருந்து, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. தொடக்கநிலைப் புற்று வலிக்காது.

25 வயதில் முதல் ரத்தம் கண்ட எஸ்டேட் தொழிலாளிக்கு 33-இல் அந்தப் பரிசோதனை. 55-இல் முப்பதாண்டு. இடைப்பட்ட காலத்தில் உள்ளே அழற்சி அணைந்ததா என்பதை மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு காட்டும். சிறு டப்பாவில் மாதிரி கொடுத்தால் போதும். குழாய்ப் பரிசோதனை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவில் உண்டு. அது சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது. ஆவடி வண்டியில் கடைசி நிறுத்தம். பரிசோதனைக்கு முந்தைய நாள் குடலைக் காலி செய்யும் மருந்து குடிக்க வேண்டியிருப்பதால், பரிசோதனை நாளில் மட்டும் ரயில் வேண்டாம், ஆட்டோவில் வாருங்கள் என்று செவிலியர்கள் சொல்வதுண்டு.